கொட்டியாரக் குடாவின் மறுகரை



திருகோணமலை என்றதும் உலகம் துறைமுகத்தைச் சொல்லும். வருகிறவர்கள் கோணேசரையும் நிலாவெளியையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நாங்கள் இன்று பேச வந்தது துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாப் பக்கத்து ஊர்களைப் பற்றி. கிண்ணியா, மூதூர், சம்பூர், வெருகல் பிள்ளைகள் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நூற்றாண்டை முன்னிட்டு, வைத்தியர்களும் ஆசிரியைகளுமாக எங்கள் வகுப்புத் தோழியர் ஏழு பேர் நான்கு நாட்கள் அந்த ஊர்களின் சந்தைகள் வழியே பயணம் செய்தோம்.

நாம் படித்த காலத்தில் மூதூருக்கு லாஞ்சில் போவார்கள். வாடைக் காற்றில் குடா கொந்தளித்தால் லாஞ்ச் ஓடாது. தரைவழி என்றால் துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் துறைகளிலும் பாலங்கள் வந்தன. இப்போது பஸ்ஸில் ஏறினால் மட்டக்களப்பு வரை இறங்காமல் போகலாம்.

கிண்ணியாவில் எருமைத் தயிர்ச் சட்டிகள், மூதூரில் சூடையும் கணவாயும், வெருகல் பக்கம் காட்டுத் தேன் போத்தல்கள். தேன் கொண்டுவருவோரில் தமிழ் பேசும் கரையோர வேடர் குடும்பங்களும் உண்டு. சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தவர்கள். காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015 இலேதான். அவர்களிடம் ஒரு கடகம் கத்தரிக்காய் வாங்கும்போது, அந்தத் தோட்டம் எத்தனை வருடம் பற்றையாய்க் கிடந்தது என்பதும் நினைவில் வந்தது.

எங்களில் ஒருவர் குவாத்தமாலாவின் அதித்லான் ஏரிக்குப் போய் வந்தவர். ஏரியைச் சுற்றி மாயா மக்களின் ஊர்கள். ஊருக்கு ஊர் போவது படகில். அதன் பெயரும் 'லான்ச்சா'தான். பின்னேரம் 'சொக்கோமில்' காற்று எழும்பினால் ஏரி கொந்தளிக்கும். அந்த நாட்டிலும் 1996 வரை 36 வருட உள்நாட்டு யுத்தம். யுத்தம் முடிந்தால் சனங்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது சந்தையில்தான் என்றார் அவர். மூதூரில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மீன் குவியலுக்கு விலை பேசுவதைக் கண்டபோது நாங்களும் அதை ஒப்புக்கொண்டோம்.

கிண்ணியாவில் மட்டி விற்ற ஒரு தாயின் உள்ளங்காலில் சீலை சுற்றியிருந்தது. மட்டி ஓடு வெட்டிய காயம், ஆளுக்கு நீரிழிவு. ஏன் கிளினிக்குக்குப் போகவில்லை என்று கேட்டோம். "போனா அண்டைக்கி மட்டி இல்ல மகள். மட்டி இல்லாட்டி உலையும் இல்ல" என்றார்.

பிரசவ மரணங்களை ஆராய்ந்த தடேயஸ், மெய்ன் என்ற இருவர் 1994 இல் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள். வைத்தியசாலைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பாலங்கள் இரண்டாவதைக் குறைத்திருக்கின்றன. எல்லா இடத்திலும் அல்ல. 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருக்கையில், மாற்றாக ஓடிய படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். முதலாவது தாமதமோ பாலத்தால் தீராது. அந்தத் தாய்க்கு வைத்தியசாலை தூரத்தில் இல்லை. ஒரு நாள் கூலிதான் இடையில் நிற்கிறது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு மருத்துவ முகாமைக் கல்லூரி மண்டபத்தில் வைக்க வேண்டாம். சந்தை நாளில், சந்தைக்குப் பக்கத்திலேயே வைப்போம். மட்டியை விற்றுவிட்டுக் காலைக் காட்டட்டும். கத்தரிக்காயைக் கொடுத்துவிட்டுப் பிறஷர் பார்க்கட்டும். அந்த ஊர்களில் ஆசிரியைகளாகவும் மருத்துவமாதுகளாகவும் இருக்கும் நம் பழைய மாணவியரே முன்னின்று நடத்தட்டும். வெளிநாட்டுச் சகோதரிகள் அடுத்த முறை வரும்போது ஒரு நாளை ஒதுக்கி எங்களோடு மறுகரைக்கு வாருங்கள். வரும்போது தயிருக்கு ஒரு பையும் கொண்டு வாருங்கள்.