இல்லமும் பணியிடமும்

(இலக்கிய வட்டத்தின் வடகவுஞ்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘இல்லமும் பணியிடமும்’ என்பது. பணியாற்றும் ஊர் ஒன்றாகவும் குடியிருக்கும் ஊர் வேறொன்றாகவும் அமைவது இன்று இயல்பாகிவிட்டது. எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு நாம் வாடகையைக் கேட்கிறோம், தண்ணீரைக் கேட்கிறோம், பேருந்து எத்தனை மணிக்கு என்றும் கேட்கிறோம். அப்பேருந்தில் நம் வீட்டில் யார் ஏறப் போகிறார் என்பதை மட்டும் கேட்க மறந்து விடுகிறோம். அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

தொல்காப்பியம் அகத்திணையியலில் ஓதல், பகை, தூது, பொருள் முதலியவை காரணமாகத் தலைவன் பிரிவதைச் சொல்கிறது. முல்லைத்திணையிலோ, வினை முடித்து மீளும் தலைவன் மாலைப்பொழுது வருமுன் வீடு சேரவேண்டும் என்று தேர்ப்பாகனை விரைவுபடுத்துகிறான். வகுப்பறையில் இத்துறையை விளக்கும்போதெல்லாம் கோடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் மாலைப் பேருந்து என் நினைவுக்கு வரும். வேறுபாடு ஒன்று உண்டு. அன்று தேரில் வந்தவன் தலைவன். வாயிலில் காத்திருந்தவள் தலைவி. இன்று தேரில் வருபவளும் அவளே. அடுப்படியில் எதிர்பார்க்கப்படுபவளும் அவளே.

சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக இருந்தது. நெய்பவரும், கொல்லரும், தச்சரும், மீன் விற்பவரும் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தனர். அரசவீதியும் பெருவணிகர் வீதியும் பட்டினப்பாக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் நடுவே நாளங்காடி. தொழில் எங்கேயோ அங்கேயே குடியிருப்பு என்பது அந்நாளைய ஒழுங்கு. அதைப் பொற்காலம் என்று நான் கூறவில்லை. வீட்டைத் தொழிலோடு கட்டிப்போட்டால் மனிதனையும் கட்டிப்போடலாம். தேயிலைத் தோட்டங்களின் லயங்களை எண்ணிப் பாருங்கள். வேலைக்கு நடக்கும் தூரம் மிகக் குறைவு. ஆனால் வேலை போனால் கூரையும் போகும். எனவே பணியிடத்துக்கு அருகில் இருப்பதே நல்வாழ்வு என்று எளிதில் முடிவு கட்டிவிட இயலாது.

இத்தாலிய இயற்பியலறிஞர் செசாரே மார்ச்செட்டி 1994-இல் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். மனிதர் எக்காலத்திலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே போக்குவரத்துக்குச் செலவிடுகின்றனர் என்பதும், வண்டி விரைவானால் நேரம் மிச்சமாவதில்லை, வீடுதான் தொலைவுக்குப் போகிறது என்பதும் அவர் கருத்து. சென்னைக்கு இது பொருந்துகிறது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அலுவலகம் நகரத்திலும் இல்லம் புறநகரிலுமாக வாழ அது வழி திறந்தது.

ஆனால் புறநகரைத் தேர்ந்து சென்றவர் எல்லாரும் அல்லர். 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் கூவக்கரையிலும் பிற குடிசைப் பகுதிகளிலும் இருந்த ஏழை மக்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியேற்றப்பட்டனர். வீட்டு வேலை செய்துவந்த பெண்களுக்கு, நடந்து சென்ற இடம் இப்போது நெடுந்தொலைவாயிற்று. பேருந்துக் கட்டணமும் நேரமும் ஊதியத்தைத் தின்ன, பலர் வேலையையே விட்டனர். தன் ஊரை விட்டுப் பெயர்ந்த காப்பியத் தலைவியின் பெயர் அந்த நகருக்கு அமைந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நம் மலைக்கு வருவோம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் நோய்களுக்கு அஞ்சி, 1845-இல் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். குளிர்ந்த காற்றுக்காக அவர்கள் தேர்ந்த குடியிருப்பு அது. மோட்டார் செல்லும் சாலை வருமுன் அவர்களுள் பலர் டோலியில் ஏறிவந்தனர். டோலியில் இருந்தவருக்கு அது பயணம். தோள் கொடுத்தவருக்கு? ஒருவர் விரும்பித் தேர்ந்த இல்லத்தின் தொலைவை வேறொருவர் தோள் சுமந்தது. இந்த உண்மையை நான் நூல்களில் படித்தபோது உணரவில்லை. என் வீட்டிலேதான் உணர்ந்தேன்.

2012-இல் கோடைக்கானலில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். என் கணவருக்குப் பழனியில் பணி. கோடையிலோ, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடக்கூடிய வீட்டை மாத வாடகைக்குத் தர எவரும் எளிதில் இசைவதில்லை. மகள் சிறியவள், அத்தை முதியவர். ஆகவே பழனியில் குடியிருந்தோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். சமவெளியிலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும் வளைவுப் பாதை. போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. ஆண்டுக்கு 200 வேலைநாள் என்றால் 1,000 மணி நேரம். நான்கு ஆண்டுகளில் 4,000 மணி நேரம். அதாவது 166 பகலும் 166 இரவும் பேருந்தில் கழித்திருக்கிறேன்.

ஒரு கார்த்திகை மாத மாலை. மழையில் மண் சரிந்து, மரம் விழுந்து பாதை அடைபட்டது. பேருந்து இவ்வூர் அருகே நின்றுவிட்டது. பழனியில் மகளுக்குக் காய்ச்சல். முன்பின் அறியாத தாய் ஒருவர், “டீச்சரம்மா, மழையில நிக்காதீங்க, வாங்க” என்று அழைத்துச் சென்று, தம் வீட்டுத் திண்ணையில் கம்பளி தந்து, சுக்குக் காப்பியும் கொடுத்தார். அந்த இரவு நான் உறங்கவில்லை. விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். 2016-இல் வடகவுஞ்சிக்குக் குடிபெயர்ந்தோம். நான் மேலே ஏறுவேன். கணவர் கீழே இறங்குவார். இருவருக்கும் வழி பாதியாகப் பகிர்ந்தது. இதைவிடச் சரியான கணக்கு உண்டோ என்று பெருமிதம் கொண்டேன்.

கணக்கில் ஒருவரை விட்டுவிட்டேன். அத்தைக்கு மூச்சிரைப்பு நோய். பழனியில் நடந்தே போய்க்கொண்டிருந்த மருத்துவரிடம் செல்ல, இப்போது மலை இறங்கவேண்டியதாயிற்று. வளைவுகளில் தலைசுற்றும், வாந்தி வரும். காலையில் ஆவினன்குடிக் கோயிலுக்குச் செல்லும் வழக்கமும் நின்றுபோயிற்று. அவர் ஒருநாளும் குறை கூறியதில்லை. ஒருநாள் மட்டும், சாளரத்தருகே அமர்ந்து, “உன் பஸ்ஸு கொறஞ்சுது தாயி, அது போதும்” என்றார். அச்சொல்லின் மறுபாதியை அவர் சொல்லவில்லை, எனக்குக் கேட்டது. என் பயணம் குறையவில்லை. அது அவர் தோளுக்கு மாறியிருந்தது. ஓராண்டில் அவர் மறைந்தார். குடிபெயர்ந்ததால்தான் மறைந்தார் என்று நான் கூறமாட்டேன். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுத்த அந்த விடியலில் அவரை ஒரு சொல் கேட்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்பர்களே, பயணத்தூரம் மறைவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இடம் மாறுகிறது. ஆகவே வீடு பார்க்கும் முன் ஒரு தாளை எடுங்கள். சம்பாதிப்பவரின் வழியை மட்டும் எழுதாதீர்கள். பள்ளிக்குப் போகும் குழந்தை, மருந்து வாங்கப் போகும் முதியவர், அங்காடிக்கும் குழாயடிக்கும் நடக்கும் பெண் என அனைவர் வழியையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எழுதிய பின் அத்தாளை அவர்களிடமே காட்டிக் கேளுங்கள்.

அரசுக்கும் இதே கணக்குப் பொருந்தும். 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் அது மலைப்பகுதிகளுக்கும் விரியும் என அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்கது. எனினும் கட்டணம் இல்லாத பேருந்து, வரும் பேருந்தாகவும் இருக்கவேண்டும். மலைச் சிற்றூருக்கு நாளில் இன்னும் ஒரு நடை கூடினால், ஒரு மாணவி கல்லூரியைத் தொடர்வாள். ஒரு தாய் மருத்துவரைப் பார்ப்பாள்.

அன்று எனக்குக் கம்பளி தந்த தாய் இவ்வவையில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார், ஆகவே சொல்லவில்லை. வீட்டைத் தேரும்போது தொலைவை அளக்கிறோம். அண்டை வீட்டாரை அளக்க எந்தக் கோலும் நம்மிடம் இல்லை. அவ்வகையில் நான் நல்ல ஊரையே அடைந்தேன்.

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது. வெளியூர் அன்பர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் காண்கிறேன். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும்.