ஆயுதத்தை வாங்கியவரின் பொறுப்பு

ஈரானின் மக்கள் முஜாகிதீன் அமைப்பை 1997இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது அமெரிக்கா. 2003இல் ஈராக்கைப் பிடித்ததும், அங்கே அஷ்ரஃப் முகாமில் இருந்த அவர்களின் ஆயுதங்களை வாங்கிக்கொண்டது. 2004இல் ஜெனீவா ஒப்பந்தப்படி ‘பாதுகாக்கப்பட்டவர்கள்’ என்றது. பயங்கரவாதப் பட்டியலிலும் பெயர் அப்படியே இருந்தது!

சதாமோடு சேர்ந்து சொந்த நாட்டின் மீதே போர் தொடுத்த அமைப்பு அது. அதன் அரசியலில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனால் ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டவருக்கு அந்த உயிர்களுக்கான பொறுப்பு இல்லையா? 2009இல் முகாமை ஈராக் அரசின் கையில் கொடுத்தார்கள். 2011 ஏப்ரலில் ஈராக் படை உள்ளே புகுந்து 30க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

முகாமைக் காலி செய்ய ஒத்துழைக்கிறார்களா என்பதை முக்கியமாகப் பார்த்தே பட்டியல் பற்றி முடிவெடுப்போம் என்றார் ஹிலாரி கிளிண்டன். காலி செய்வதற்கும் பயங்கரவாதத்துக்கும் என்ன சம்பந்தம்? 2012 செப்டம்பரில் பெயர் நீங்கியது. அடுத்த செப்டம்பரில், சொத்துகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கியிருந்த சுமார் 100 பேரில் 52 பேர் கொல்லப்பட்டார்கள்.