கடல்மல்லையில் நாம் எடுக்க வேண்டிய விழா
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'நம் வட்டாரத்தின் விழாக்களும் இலக்கியச் செல்வமும்' என்று செயலாளர் தலைப்புக் கொடுத்திருக்கிறார். சிமெண்டும் கம்பியும் எண்ணுகிற எஞ்சினியருக்கு இந்தத் தலைப்பா என்று தமிழ் படித்தவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். முடிவில் சங்கத்தின் பணத்தில் கொஞ்சம் கேட்கப் போகிறேன். அப்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்!

செங்கல்பட்டுக்காரர்களிடம் விழா என்றால் மாமல்லபுரம் நாட்டிய விழாதான் முதலில் வரும். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை சுற்றுலாத் துறை நடத்துகிறது. முன்பு அர்ச்சுனன் தபசுக்கு எதிரே மேடை போட்டார்கள். பிறகு கடற்கரைக் கோயில் பக்கம் போனது. நல்ல விழா. எனக்கு அதில் ஒரே ஒரு குறை. ஆடுகிறவர் பெயர், குரு பெயர், ராகம், தாளம் எல்லாம் மைக்கில் சொல்கிறார்கள். பின்னால் நிற்கிற ஊரைப் பற்றி எழுதியவர்கள் பெயரை, நான் போன வருஷங்களில் ஒரு நாள்கூட கேட்டதில்லை. கல்கியையாவது சொல்லலாம். ரசிகமணி டி.கே.சி.யோடு இந்தக் கடற்கரைக்கு வந்தபோதுதானே அவர் மனத்தில் 'சிவகாமியின் சபதம்' முளைவிட்டது! அங்கே உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேடையில் ஆடுவது சிவகாமிதான்.

கல்கிக்கு ரொம்ப முன்னால் போவோம். தண்டியலங்காரம் என்று படித்தோமே, அதன் மூலமான வடமொழி நூலை எழுதிய தண்டி, சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் பல்லவர் காஞ்சியில் இருந்தவர். அவருடைய 'அவந்திசுந்தரி' என்ற உரைநடைக் கதையின் தொடக்கத்தில் நம் மாமல்லபுரம் வருகிறது. லலிதாலயர் என்று ஒரு சிற்பி. கடலோரத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் கை ஒன்று உடைந்துவிட, அதை ஒட்டிச் சரிசெய்கிறார். ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி தண்டியைக் கூட்டிக்கொண்டு போகிறார். போய்ப் பார்த்தால், எந்தக் கை உடைந்த கை என்றே தெரியவில்லை. அந்த நேரத்தில் அலையில் ஒரு செந்தாமரை மிதந்து வந்து பெருமாள் பாதத்தில் பட்டு, வித்யாதரனாக மாறி வானத்தில் போய்விடுகிறதாம். தாமரை கவிஞருக்கு. எனக்கு அந்த ஒட்டு போதும். விரிசல் விட்ட தூணுக்கு எப்பாக்ஸி ஊற்றி, பூசி, பெயின்ட் அடித்தும் இன்றைக்கு ஜாயின்ட் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வேலை முடிந்ததும் ஒரு சிற்பி புலவரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டது. நம் சைட்டுக்கு எந்தக் கவிஞரையாவது கூப்பிட்டிருக்கிறோமா? கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிக்கு நடுவில், தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பட்டு, உப்புக் காற்றில் தேய்ந்து கிடக்கிறாரே, அந்தப் பெருமாள்தான் இவர் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாச பிரகசனம்' போலிச் சாமியார்களைக் கேலி செய்யும் நாடகம் என்பது பலருக்குத் தெரியும். அர்ச்சுனன் தபசில் ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூனையையும், அதை நம்பிக் கிட்டே போகிற எலிகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாடகம்தான் ஞாபகம் வரும். அப்பா ஏட்டில் சிரித்ததை அடுத்து வந்தவர்கள் பாறையில் சிரித்திருக்கிறார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். அந்த மகேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு நம் பக்கத்து வல்லம் குடைவரையிலேயே இருக்கிறது. அவனுக்கு அடங்கிய சிற்றரசனின் மகன் கந்தசேனன் குடைவித்த கோயில் அது. இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம். எத்தனை பேர் போயிருக்கிறோம்?

தமிழுக்கு வந்தால், முதலாழ்வார் மூவரில் பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இந்தக் கடல்மல்லை என்பது வைணவ மரபு. அவர் பாடிய இரண்டாம் திருவந்தாதி 100 வெண்பா. திருமங்கையாழ்வார் இந்த ஊருக்கு மட்டும் இரண்டு பதிகம் பாடி, துறைமுகத்தில் யானையும் மணியும் சுமந்து வளைந்து நிற்கும் கலங்களைக் காட்டுகிறார். அதற்கும் முன்னே, பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகமும், ஏணி சாத்தி ஏறி இரவில் தீ மூட்டுகிற உயரமான மாடமும் வருகின்றன. அந்தத் துறை மாமல்லபுரம்தான் என்பார் சிலர், இல்லை என்பார் சிலர். எதுவானாலும் கலங்கரை விளக்கம் நம் கடற்கரைக்குப் புதிது இல்லை.

யாரும் டிக்கெட் போடாத, நோட்டீஸ் அடிக்காத விழா ஒன்றும் அங்கே நடக்கிறது. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரை மணலில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். மணலிலேயே படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுகிறார்கள். மொட்டை, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அங்கேயேதான். அதே நாளில் தலசயனப் பெருமாளும் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருள்கிறார். விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்கள் பாட்டு அவர்களோடு போய்விடுகிறது. அதை நாமாக எடுத்து மேடை ஏற்றிக் காட்சிப்பொருள் ஆக்கக் கூடாது. அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், படித்த அவர்கள் பிள்ளைகளைக் கொண்டே எழுதி வைக்கலாம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் ஒரு ராத்திரி மெல்லிசைக் கச்சேரிக்குச் செலவழிக்கிறோம். அதில் பாதி போதும். பூதத்தாழ்வார் திருநட்சத்திரம் ஐப்பசி அவிட்டம். அன்றைக்கு மாலை மாமல்லபுரத்தில் மூன்று மணி நேரம். பிரபந்தம் சொல்ல ஒரு கோஷ்டி, தண்டி கதையைச் சொல்ல ஒருவர், பெரும்பாணாற்றுப்படை படிக்க நம் மாணவர் இரண்டு பேர். சிற்பக் கல்லூரிப் பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும். 1957-இலிருந்து அந்தக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. லலிதாலயரின் ஒட்டைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசி அடைமழை என்று உடனே சொல்வீர்கள். தெரியும். அதனால்தான் திறந்தவெளி வேண்டாம், தெருவிலேயே ஒரு மண்டபம் பார்த்து வைத்திருக்கிறேன். கூரை ஒழுகவில்லை, நானே ஏறிப் பார்த்துவிட்டேன். வாசலில் மேஜைமேல் ஒரு நோட்டு இருக்கிறது. வரச் சம்மதம் உள்ளவர்கள் சாப்பிடப் போவதற்கு முன் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.