திறந்தவெளி இசை நிகழ்ச்சியில் தெளிவான ஒலி



தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால், பூசை, ஊர்வலம், அன்னதானம் ஆகியவற்றோடு இரவில் ஓர் இன்னிசை நிகழ்ச்சியும் இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி, பட்டணத்திலிருந்து இசைக்குழுவை வரவழைக்கிறோம். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் சம்பாதித்த பணம் அது. பிள்ளைகளும் பெரியவர்களும் பாய் விரித்து, திடலில் இடம் பிடித்துக் காத்திருக்கிறார்கள்.

நிகழ்ச்சி தொடங்கியதும் என்ன நடக்கிறது? மேளச் சத்தம் காதைப் பிளக்கிறது. பாடுகிறவரின் குரலோ கேட்கவில்லை. நடுநடுவே மைக் 'கூ' என்று ஊளையிடுகிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு என்ன பாட்டு என்றே விளங்கவில்லை. 'சத்தத்தைக் கூட்டு' என்று பின்னாலிருந்து ஒருவர் கை காட்ட, 'குறை' என்று முன்னாலிருந்து ஒருவர் கத்துகிறார். கடைசியில், 'செட் சின்னது. அடுத்த வருடம் பெரிய செட்டாக எடுப்போம்' என்று முடிவு செய்கிறோம். வாடகை கூடுகிறது. அடுத்த ஆண்டும் அதே கதைதான்.

நேயர்களே, இதில் பெரும்பாலும் கருவியின் அளவில் குறை இல்லை. கருவிகளை வைத்த இடத்திலும் அவற்றைக் கையாளும் முறையிலுமே குறை இருக்கிறது. இடத்தை மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை. கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் போதும். அந்த விவரத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், திறந்த வெளியில் ஒலி எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொள்வோம். மண்டபத்துக்குள் பாடினால் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் குரல் நிறைந்து கேட்கிறது. திடலில் அந்த உதவி கிடையாது. ஒலி நாலாபுறமும் பரவிப் போய்விடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒலிபெருக்கிக்கு 10 மீட்டர் தூரத்தில் இருப்பவருக்கு 100 வாட் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டரில் இருப்பவருக்கு அதே அளவு கேட்க 400 வாட் வேண்டும். 40 மீட்டரில் இருப்பவருக்கோ 1,600 வாட் வேண்டும்! சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய்த் தூரத்தை வெல்ல முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

அப்படியானால் என்ன செய்வது? ஒலிபெருக்கியை உயர்த்த வேண்டும். மேடை ஓரத்தில் தரையில் வைத்த ஒலிபெருக்கி, முதல் வரிசைக்கு 2 மீட்டரிலும் கடைசி வரிசைக்கு 32 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். தூர வேறுபாடு 16 மடங்கு. அதே ஒலிபெருக்கியை உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே 4 மீட்டர் உயரத்தில் ஏற்றி, வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, கடைசி வரிசையைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது முதல் வரிசைக்குத் தூரம் ஏறக்குறைய நாலரை மீட்டர். கடைசி வரிசைக்கு அதே 32 மீட்டர்தான். வேறுபாடு 7 மடங்காகக் குறைந்துவிட்டது. முன்னால் இருப்பவர்களின் காது தப்பியது; பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிறது. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால், தரையில் வைத்த ஒலிபெருக்கியின் ஒலி முதல் சில வரிசைகளிலேயே தேய்ந்து போகும். உயர்த்தி வைத்தால் அந்தத் தடையும் இல்லை. கம்பங்களை மட்டும் உறுதியாக நட்டு, இழுத்துக் கட்ட வேண்டும். குழந்தைகள் அவற்றின் அடியில் விளையாட விடக் கூடாது.

அடுத்து, மைக் ஏன் ஊளையிடுகிறது? மைக்கில் நுழையும் ஒலி ஒலிபெருக்கி வழியாக வெளியே வருகிறது. வெளியே வந்த ஒலி மறுபடியும் மைக்கில் புகுந்தால், மீண்டும் பெருகி வெளியே வருகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் ஒலிதான் ஊளையாகிறது. டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி லார்சன் என்பவரின் பெயரால் இதை 'லார்சன் விளைவு' என்பார்கள். ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருந்தால் இது நிச்சயம் நடக்கும். ஆகவே மேடையின் முன் விளிம்புக்கும் முன்னால், இரண்டு பக்கமும் ஒலிபெருக்கிகளை நிறுத்துங்கள். மைக்குகள் எல்லாம் அவற்றுக்குப் பின்னால் இருக்கட்டும்.

பாடுகிறவரும் இதற்கு உதவ வேண்டும். 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பது பழமொழி. மைக்குக்குள் குரல் நன்றாகப் போனால்தான் ஒலிபெருக்கியில் நன்றாக வரும். வாயை மைக்கிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிப் பாடுகிறவர், 5 சென்டிமீட்டருக்கு நெருங்கிப் பாடினால், ஒரு வாட் கூடக் கூட்டாமலேயே குரலின் ஆற்றல் பல மடங்கு கூடும். மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிப்பது சிலருக்குப் பழக்கம். அது தவறு. பின்னாலிருந்து வரும் ஒலியைத் தள்ளுவதற்காக அமைத்த துளைகள் அதனால் அடைபட்டு, ஊளை வந்துவிடும். பிடியைத்தான் பிடிக்க வேண்டும். பேசாத மைக், பாடாத மைக் எல்லாவற்றையும் அடைத்து வையுங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் ஊளைக்கு ஒரு வாசல். காற்று வீசும் இடமானால், மைக்குக்குப் பஞ்சு உறை போட்டால் 'புஸ் புஸ்' என்ற இரைச்சல் குறையும்.

சரி, உலகப் புகழ் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையா? உண்டு. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். ஏறக்குறைய 55,600 பேர் கூடியிருந்தார்கள். கிதார்களுக்கு 100 வாட் பெருக்கிகள். குரலுக்கோ விளையாட்டு அறிவிப்புச் செய்யும் அரங்கத்து ஒலிபெருக்கிகள். கூட்டத்தின் ஆரவாரத்தில் பாட்டு மூழ்கிப் போயிற்று. பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்த சிறு ஒலிபெருக்கி அப்போது மேடையில் இல்லை. பிற்காலத்தில் மேடைதோறும் அது வழக்கமாகிவிட்டது. நம் நிகழ்ச்சியிலும் பாடகரின் காலடியில், அவர் முகம் பார்க்க ஒரு சிறு ஒலிபெருக்கி வைத்துவிட்டால், அவர் சுருதி விலகாமல் பாடுவார். தொண்டை கிழியக் கத்தவும் வேண்டியதில்லை. ஆனால் அது மைக்கின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்; சத்தமும் அளவாக இருக்க வேண்டும்.

சத்தம் கேட்கிறது, ஆனால் சொல் புரியவில்லை என்று சில சமயம் சொல்கிறோமே, அது ஏன்? பேச்சில் ஒலியின் பலம் பெரும்பாலும் உயிரெழுத்துகளில் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதில் மெய்யெழுத்துகளுக்கே பெரிய பங்கு. 'படம்', 'தடம்', 'கடம்' ஆகிய மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் மெல்லிய சிறு ஒலிதான் பொருளை மாற்றுகிறது. அந்தச் சிறு ஒலிகள் மேளத்தின் கனத்த ஒலியில் எளிதில் புதைந்துவிடும். ஆகவே பாட்டு புரிய வேண்டுமானால், குரலைக் கூட்டுவதற்கு முன், தாழ்ந்த ஒலிகளைக் குறைக்க வேண்டும். நாதஸ்வரம், தவில், உறுமி ஆகியவை வீதிக்கென்றே அமைந்த வாத்தியங்கள். அவற்றின் ஒலி தானாகவே தொலைவுக்குப் போகும். சிறிய திடலில் அவற்றுக்கு மைக் தேவையில்லை. மைக்கைக் குரலுக்குக் கொடுங்கள்; புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் கொடுங்கள்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. திடலின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கி கட்டி, எல்லாம் ஒன்றையொன்று பார்க்கும்படி விடுவது. 'எல்லாருக்கும் கேட்கட்டும்' என்ற நல்ல எண்ணந்தான். ஆனால் ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 345 மீட்டர்தான் போகும். அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலி முதலில் வருகிறது. தொலைவிலுள்ளதன் ஒலி பிந்தி வருகிறது. இரண்டுக்கும் இடையே தூர வேறுபாடு 17 மீட்டருக்கு மேல் போனால், ஒரே சொல் இரண்டு முறை காதில் விழத் தொடங்கும். எதிரே பள்ளிக்கூடச் சுவரோ தகரக் கொட்டகையோ இருந்தால் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒலிபெருக்கிகள் எல்லாம் மேடைப் பக்கமிருந்து ஒரே திசையைப் பார்க்கட்டும். முடிந்தால், சுவர் இருக்கும் பக்கத்தை விட்டு, மரங்கள் இருக்கும் திறந்த பக்கத்தை நோக்கி மேடையை அமையுங்கள்.

திடல் மிக நீளமானது என்றால்? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 1973-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் என்னும் இடத்தில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் திறந்த வெளியில் இசை கேட்கக் கூடினார்கள். மேடையிலிருந்து தள்ளி, கூட்டத்தின் நடுவே கோபுரங்கள் அமைத்து, அவற்றிலும் ஒலிபெருக்கிகளை ஏற்றினார்கள். மேடையின் ஒலி அந்த இடத்தை வந்தடையும் நேரம் வரை கோபுரத்து ஒலியை மின்கருவியால் தாமதப்படுத்தினார்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒலியாகக் கேட்டன. தூரம் 60 மீட்டர் என்றால், தாமதம் ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இன்று வாடகைக்குக் கிடைக்கும் ஒலிக்கலவைப் பலகைகள் பலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஒலிபெருக்கிக்காரரிடம், 'பின்னால் இரண்டு வைத்தால் தாமதம் கொடுக்க முடியுமா, அண்ணே?' என்று கேட்டுவிடுங்கள். முடியும் என்றால் வையுங்கள். முடியாது என்றால், ஜனங்களை மேடைக்கு நெருங்கி, அகலமாக உட்கார வைப்பதே மேல்.

இரவு நேரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போகிறது. காற்றில்லாத தெளிந்த இரவில் தரையருகே காற்று குளிர்ந்துவிடுவதால், ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். பகலில் சோதித்து வைத்த அதே அளவு, இரவு 11 மணிக்குப் பக்கத்துத் தோட்டத்தையும் எழுப்பிவிடும். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டியவர்களும், நோயாளிகளும், கைக்குழந்தைகளும் லயங்களில் இருப்பதை மறக்கலாகாது.

காதுகளையும் எண்ணிப் பார்ப்போம். காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், இசை நிகழ்ச்சிகளில் ஒலியின் அளவு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று கூறியிருக்கிறது. அளக்கும் கருவி இல்லையே என்று கவலை வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அது காதுக்கு ஆகாத சத்தம். ஒலிபெருக்கியின் வாய்க்கு நேரே பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். வீடு திரும்பிய பின் காதுக்குள் 'ங்' என்று இரைந்தால், காது வருந்தியிருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலாக உயிர்ப் பாதுகாப்பு. நம் நாட்டில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஈரத் தரையும் மின்சாரமும் சேர்ந்தால் ஆபத்து. 1972-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர், சரியான நில இணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு, மேடையிலேயே மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். கூரையின் கீழே நடந்த நிகழ்ச்சி அது. திறந்த வெளியில் எவ்வளவு கவனம் வேண்டும்! மின்னாக்கிக்கும் மேடைக்கும் நில இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா, கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று, தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். வயர்களின் இணைப்புகள் தரையில் நீர் தேங்கும் இடத்தில் கிடக்கக் கூடாது. மழை தொடங்கினால், மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். கருவிகளை மூடுவது அதற்குப் பிறகு.

நேயர்களே, இவற்றையெல்லாம் நிகழ்ச்சி நேரத்தில் செய்ய முடியாது. ஆகவே ஒலிபெருக்கிக்காரரை மாலை 4 மணிக்கே வரச் சொல்லுங்கள். திருவிழாக் குழுவில் ஒருவரை ஒலிக்கென்றே பொறுப்பாக்குங்கள். அவர் மேடையருகே நிற்க வேண்டாம். கடைசி வரிசைக்குப் போகட்டும். ஒருவர் மைக்கில் செய்தித்தாளைப் படிக்கட்டும். பாட்டை வைத்துச் சோதித்தால், நமக்கு முன்பே தெரிந்த வரிகள் என்பதால், புரிவது போலவே தோன்றும். தெரியாத செய்தி கடைசி வரிசையில் சொல் சொல்லாகப் புரிகிறதா? புரிந்தால், அதுவே சரியான அளவு. முதலில் குரலைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்க்க வேண்டும். குரல் மறையத் தொடங்கினால், குரலைக் கூட்டாமல் வாத்தியத்தைக் குறைக்க வேண்டும். நிகழ்ச்சி நடக்கும்போது ஒலிபெருக்கிக்காரரிடம் பத்துப் பேர் போய்ப் பத்து விதமாகச் சொல்லாமல், பொறுப்பாளர் ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். அவரும் மனிதர்தானே!

கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் நன்கொடை கொடுத்தவர்தான். அவருக்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். மடியில் தூங்கும் பேரப்பிள்ளையின் காதும் நலமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்கும். ஒலிபெருக்கியை உயர்த்துங்கள், மைக்குக்கு முன்னால் நிறுத்துங்கள், சத்தத்தைக் குறையுங்கள். வருகிற திருவிழாவில் செய்து பாருங்கள்.