உறவறிந்து வகுத்தல்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அறிவியலார் இதுவரை பெயரிட்டுள்ள உயிரினங்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. இவற்றை எவ்வாறு வகுப்பது? நம் முன்னோரும் இதிற் கருத்துச் செலுத்தினர். தொல்காப்பியர் மரபியலிலே, உயிர்களை அவை பெற்ற அறிவின் தொகையைக் கொண்டு ஆறாக வகுத்தார்.

இன்றைய முறைக்கு அடிகோலியவர் சுவீடன் நாட்டு லின்னேயசு என்பார். 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றியும் நூல் எழுதிய இவரே, சாதிப் பெயர், இனப் பெயர் என்னும் இரண்டு சொற்களால் ஓருயிரைக் குறிக்கும் வழக்கத்தை நிலைநாட்டினார். இனங்கள் சேர்ந்து சாதி. சாதிகள் சேர்ந்து குடும்பம். அதன்மேல் வருணம், வகுப்பு, கணம், இராச்சியம். இப்படிகளுட் சில பிற்காலத்தாராற் சேர்க்கப்பட்டவை.

ஒத்தவற்றை ஒன்றாக வைப்பது எளிதென்றே தோன்றும். ஆனால் எந்த ஒப்புமையைக் கொள்வது? மன்னார்க் கடலில் வாழும் கடற்பசுவை எடுத்துக்கொள்வோம். ஆவுளியா என்றும் அதனைக் கூறுவர். அதற்கு முன்கால்கள் துடுப்புப் போன்றவை, பின்கால்கள் இல்லை, வாலோ மீன்வாலை நினைவூட்டும். ஆயினும் அது நுரையீரலால் மூச்சு விடுகின்றது. குட்டி ஈன்று பாலூட்டுகின்றது. ஆகவே மீனன்று, முலையூட்டி.

அப்படியாயின் திமிங்கிலத்தோடு சேர்க்கலாமே என்பீர்கள். அவ்வாறு சேர்த்த அறிஞரும் முன்னர் இருந்தனர். ஆனால் கடற்பசு உண்பது கடற்புல். அதன் முலைகள் யானைக்குப் போலவே மார்பில், முன்கால்களை அடுத்துள்ளன. ஆணின் வெட்டும்பற்களும் யானைக்குப் போலத் தந்தமாக நீளும். பரம்பரையலகுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோதும் இவ்வுறவே உறுதியாயிற்று. திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு நீர்யானை; பசுவும் அக்கிளையைச் சேர்ந்ததே. பசு என்று நாம் அழைப்பது யானைக்கு உறவு. யானை என்று நாம் அழைப்பதோ பசுவுக்கு உறவு!

நீரில் வாழ்வதனாலே வேறு வேறு கிளையில் வந்த உயிர்களும் ஒரேவகை உடலமைப்பைப் பெறுகின்றன. எனவே டார்வின் 1859இல் தம் நூலை வெளியிட்ட பின்னர், பொது மூதாதையரிடமிருந்து வந்த வழியே பாகுபாட்டுக்கு அடிப்படையாயிற்று.

இதனால் நமக்கு ஆவது என்ன? கடற்பசுவின் வருணத்திலே இன்று எஞ்சியவை 4 இனங்கள். வட பசிபிக் கடலிலே இதன் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய விலங்கொன்று வாழ்ந்தது. 1741இல் ஸ்டெல்லர் என்பவர் அதனைக் கண்டு விவரித்தார். வேட்டையாடியோர் 1768ஆம் ஆண்டளவில் அதனை அடியோடு அழித்துவிட்டனர். ஆவுளியா ஒன்றே அக்குடும்பத்தில் இப்பொழுது மிஞ்சியிருக்கின்றது.

இலங்கையில் அதனைக் கொல்வது சட்டப்படி குற்றம். எனினும் வலையிற் சிக்கி அது மடிகின்றது. பல இலட்சம் இனங்களுள் ஒன்று போனால் என்ன என்று கேட்போருக்கு, போவது ஓர் இனமன்று, ஒரு குடும்பமே என்று எடுத்துச் சொல்ல இப்பாகுபாட்டறிவு வேண்டும். அதனைக் கரையோரத்திலுள்ள நம் உறவினர்க்கும் அயலவர்க்கும் எடுத்துரைப்பது நம் கடனாகும்.