மகளை பிஹேவியர் அனலிஸ்ட் படிக்க அனுப்பலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன்.)



தண்ணீர் லாரிக் கணக்கையும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் பேசி முடித்துவிட்டோம். மீதி நேரத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்றார்கள். நான் பி.காம். படித்தவன். முப்பத்தாறு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவமோ உளவியலோ எனக்குத் தெரியாது. ஆனால் கல்விக் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். என் பேரனுக்கு ஆட்டிசம். இந்த இரண்டும்தான் இன்று பேச எனக்குள்ள தகுதி.

இரண்டு மாதம் முன்பு நம் வளாகத்து நண்பர் ஒருவர் ஒரு ஃபைலோடு வந்தார். அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். அவர் மகள் பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடம். கலிபோர்னியாவில் ‘அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்’ முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். “அங்கே இந்த வேலைக்கு ஆளே கிடைக்கவில்லையாம் சார். கடன் வாங்கி அனுப்பலாமா? நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம்.

முதலில் இது என்ன வேலை? ஒரு குழந்தை ஏன் கத்துகிறது, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று குறித்துவைத்து, கேட்க, பேச, தானே சாப்பிட, காத்திருக்க என்று சிறுசிறு படியாகக் கற்றுக்கொடுப்பது. பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடுதான் வேலை. திட்டம் போடுபவர் பிஹேவியர் அனலிஸ்ட். தினமும் குழந்தையோடு உட்கார்ந்து அதைச் செய்பவர் டெக்னீஷியன்.

என் மகள் சான் ஹோசே பக்கம் இருக்கிறாள். இரண்டு முறை ஆறாறு மாதம் அங்கே தங்கினேன். பேரனுக்கு வாரம் ஐந்து நாள், மத்தியானம் மூன்று மணிக்கு டெக்னீஷியன் வீட்டுக்கு வருவார். வந்தவர்கள் எல்லாம் இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள். ஆனால் நான் இருந்த முதல் ஆறு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொருவர் போனதும் சில வாரம் ஆள் இல்லை. அந்த நாட்களில் மூன்று மணி ஆனால் என் பேரன் ஜன்னல் பக்கம் போய் நிற்பான். யாரும் வராவிட்டால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

ஆள் பற்றாக்குறை என்றால் என்னவென்று அங்கேதான் பார்த்தேன். அதனால் “ஆளே கிடைக்கவில்லை” என்று நண்பர் சொன்னது பொய்யில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியாவில் 2011இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எஸ்.பி. 946 என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களுக்கான நடத்தைச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம். 2012 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2014இல் ஏழைகளுக்கான மாநிலக் காப்பீடான மெடி-கால் திட்டமும் இதை ஏற்றுக்கொண்டது. அதுவரை பெற்றோர் கைக்காசிலும், மாநிலத்தில் உள்ள 21 ரீஜனல் சென்டர்கள் மூலமும் நடந்துவந்த காரியத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வரத் தொடங்கியது.

இன்னொரு பக்கம், ஆட்டிசம் என்று கண்டறியப்படும் குழந்தைகளும் கூடினார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கில் எட்டு வயதுக் குழந்தைகளில் 36 பேருக்கு ஒருவர். 2025இல் வெளியிட்ட கணக்கில் 31 பேருக்கு ஒருவர். அமெரிக்கா முழுவதும் பிஹேவியர் அனலிஸ்ட் வேலைக்கு 2010இல் வந்த விளம்பரங்கள் 789. 2024இல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதிக விளம்பரம் வரும் மாநிலம் கலிபோர்னியா.

இங்கே ஒரு குமாஸ்தாவின் எச்சரிக்கை. விளம்பரத்தின் எண்ணிக்கையும் வேலையின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஒரே இடத்துக்கு ஆள் வந்து, போய், மறுபடி விளம்பரம் கொடுத்தால் அதுவும் கணக்கில் ஏறும். என் பேரனின் மூன்று மணி நாற்காலிக்கே ஆறு மாதத்தில் மூன்று முறை ஆள் தேடினார்கள்.

ஏன் போகிறார்கள் என்று கடைசியாக வந்த பையனிடம் கேட்டேன். “அங்கிள், குழந்தைக்கு ஜுரம் என்று வகுப்பை ரத்து செய்தால் எனக்கு அன்றைய சம்பளம் இல்லை” என்றான். வாரம் முப்பது மணி நேரம் என்று சொல்லி எடுப்பார்கள், கைக்கு வருவது இருபது மணிதான் என்றான். அவனை வைத்திருந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

இந்தத் தொழிலில் இரண்டு முக்கியமான படிகள். இரண்டுக்கும் சான்றிதழ் தருவது 1998இல் தொடங்கப்பட்ட பி.ஏ.சி.பி. என்ற வாரியம். கீழ்ப்படி ஆர்.பி.டி. என்ற டெக்னீஷியன். பள்ளிப் படிப்பு, 40 மணி நேரப் பயிற்சி, ஒரு திறன் மதிப்பீடு, ஒரு தேர்வு. அவ்வளவுதான். மேல்படி பி.சி.பி.ஏ. என்ற அனலிஸ்ட். அதற்கு முதுகலைப் பட்டம், குறிப்பிட்ட பாடங்கள், மேற்பார்வையில் 2,000 மணி நேரக் களப்பயிற்சி (கூடுதல் மேற்பார்வை இருந்தால் 1,500), பிறகு தேர்வு. சமீப வருடங்களில் இந்தத் தேர்வை முதல் முறை எழுதுபவர்களில் தேர்ச்சி பெறுவது நூற்றுக்கு 55 பேர் அளவில்தான். பாதிக்குச் சற்றே மேல். கடன் வாங்கி அனுப்பும் அப்பா இந்த எண்ணை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். நியூயார்க், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அனலிஸ்ட்டுக்கு அரசு லைசென்ஸ் உண்டு. கலிபோர்னியாவில் அப்படித் தனி லைசென்ஸ் இல்லை. வாரியத்தின் சான்றிதழை வைத்தே காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தருகின்றன. ஆகவே அந்தச் சான்றிதழ் இல்லாத முதுகலைப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் அனலிஸ்ட் சம்பளம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

பணம் வரும் இடத்துக்கு முதலீட்டாளர்களும் வருவார்கள். கலிபோர்னியாவில் 1990இல் தொடங்கிய கார்டு என்ற பெரிய ஆட்டிசம் நிறுவனத்தை 2018இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பல மாநிலங்களில் மையங்கள் மூடப்பட்டு, 2023 ஜூனில் அது திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. பிறகு அதை ஆரம்பித்த அம்மையாரே திரும்ப வாங்கிக்கொண்டார். தேவை இருக்கிறது என்பதாலேயே சம்பளம் தரும் நிறுவனம் நிலைத்துவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த முறையைப் பற்றியே விமர்சனமும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் லோவாஸ் என்பவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெரிய பெயர் தந்தது. வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போல் பள்ளியில் தேறினார்கள் என்றார். ஆனால் அவர் காலத்தில் அதட்டலும் அடியும்கூட அந்த முறையில் இருந்தன. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான சிலர், “எங்களை மற்றவர்கள் மாதிரி நடிக்கப் பழக்கினார்கள்” என்று இன்றும் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில் என் பேரனிடம் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். தண்ணீர் வேண்டும் என்று அவன் கேட்கக் கற்றுக்கொண்டது அவர்களால்தான். ஆனாலும் இந்தப் படிப்புக்குப் போகும் பிள்ளை அந்தக் குறைகளையும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

இப்போது என் பழைய மேஜைக்கு வருகிறேன். கணக்குக்காக 40 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு இரண்டு வருடம், அதன் பிறகு ஒரு வருடம் தவணை கிடையாது. அந்த மூன்று வருடத்துக்குத் தனி வட்டி மட்டும் 12 லட்சம். அதை அவ்வப்போது கட்டாமல் விட்டால் 52 லட்சத்தில் தவணை தொடங்கும். பதினைந்து வருடத்துக்கு மாதம் ஏறக்குறைய 55,900 ரூபாய். வட்டியை அப்போதைக்கப்போது கட்டி வந்தால் தவணை ஏறக்குறைய 43,000. வித்தியாசம் மாதம் ஏறக்குறைய 12,900 ரூபாய். பழைய வருமான வரி முறையில் வட்டிக்கு எட்டு வருடம் கழிவு உண்டு. வட்டி மானியம் தரும் முக்கிய மத்திய அரசுத் திட்டம் உள்நாட்டுப் படிப்புக்குத்தான்.

அங்கே சம்பாதித்துக் கட்டிவிடலாம் என்பீர்கள். மாணவர் விசாவில் படித்து முடித்தபின் வேலை பார்க்க 12 மாதம் அனுமதி. ஸ்டெம் பட்டியலில் உள்ள படிப்பென்றால் இன்னும் 24 மாதம் கிடைக்கும். உளவியல் சார்ந்த எல்லாப் படிப்பும் அந்தப் பட்டியலில் வராது. படிப்பின் குறியீட்டு எண்ணைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் எச்-1பி. வருடத்துக்கு 85,000 இடம், குலுக்கல். களப்பயிற்சிக் கணக்கும் இருக்கிறது. வாரம் 20 மணி நேரம் என்றால் 2,000 மணி நேரத்துக்கு 100 வாரம். படிப்போடு சேர்ந்த பயிற்சியாக அதற்குக் கல்லூரி அனுமதி தருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

“ஊரிலிருந்தே ஆன்லைனில் அமெரிக்க முதுகலை முடித்துவிடலாம், செலவு கம்மி” என்று விளம்பரம் வந்தால் நிதானியுங்கள். 2023 ஜனவரி 1 முதல் அந்த வாரியம் அமெரிக்கா, கனடா போன்ற ஒரு சில நாடுகளில் வசிப்பவர்களிடம் மட்டுமே புதிய விண்ணப்பம் வாங்குகிறது. இந்தியா அதில் இல்லை. நம் ஊரில் உட்கார்ந்து அந்தப் பட்டம் வாங்கலாம். பி.சி.பி.ஏ. ஆக முடியாது. நண்பரின் ஃபைலில் இரண்டாவது விண்ணப்பம் அப்படிப்பட்டதுதான். அதை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டார்.

இங்கேயே வழி இல்லையா? இருக்கிறது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பிஹேவியர் அனலிஸ்ட் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. சிறப்பாசிரியர் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு உண்டு. பேச்சுப் பயிற்சிக்கு நான்கு வருடப் பட்டம் உண்டு. சிறப்புக் குழந்தைகளுக்குத் தொடக்க வகுப்பில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்பில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் வளாகத்திலிருந்து ஆட்டோ தூரத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது, 2005இலிருந்து. சம்பளம் டாலர் அளவுக்கு வராது. கடனும் அந்த அளவுக்கு வராது.

நண்பரின் மகளிடம் ஒன்றுதான் சொன்னேன். “முதலில் ஆறு மாதம் இங்கே ஒரு மையத்தில் உதவியாளராக இரும்மா. குழந்தை கடித்தாலும் எச்சில் துப்பினாலும் மறுநாள் போக மனசு வருகிறதா பார். வந்தால், உன் கடன் பேப்பரை நானே நிரப்பித் தருகிறேன்.” போன மாதம் சேர்ந்திருக்கிறாள். முதல் வாரமே கையில் நகக்கீறல். மறுநாளும் போனாள் என்று அவள் அப்பா சொன்னார். கலிபோர்னியா விண்ணப்பத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வளாகத்திலும் இப்படிப்பட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தர வரும் பெண்களை செக்யூரிட்டி தினமும் கேட்டில் கால் மணி நேரம் நிறுத்தி வைக்கிறார். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்குப் போல இவர்களுக்கும் நிரந்தர பாஸ் கொடுக்கச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே ஒரு குழந்தை மணி பார்த்துக்கொண்டிருக்கும்.

கடன் சம்பந்தமாகச் சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பூங்கா பெஞ்சில் இருப்பேன். பேப்பரைக் கொண்டு வாருங்கள்.