உள்ளங்காலையும் ஒருதரம் பாருங்கள்

(தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் எமது நன்றி. இன்று தோலில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

"அது வெள்ளைக்காரனுக்கு வருகிற வருத்தம், நமக்கு எங்கே வரப் போகுது?" என்று சிலர் கேட்பார்கள். அதில் பாதி உண்மை. தோலுக்குக் கருமை கொடுக்கும் மெலனின் என்ற பொருள் வெயிலின் கெடுதியை ஓரளவு தடுக்கிறது. அதனால் நமக்கு இந்நோய் குறைவு. ஆனால் வரவே வராது என்பதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் பொல்லாத வகை பெரும்பாலும் வெயில் படாத இடத்திலேதான் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவையே அந்த இடங்கள்.

ஜமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லியை நமது பையன்கள் அறிவார்கள். 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தின் கீழ் இந்நோய் காணப்பட்டது. பந்து விளையாடிப் பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

இன்னொன்றும் உண்டு. அடுப்பில் சுட்ட பழைய தழும்பிலும், வருஷக்கணக்காக ஆறாத கால் புண்ணிலும் புற்று உண்டாகலாம். சுட்டு இருபது, முப்பது வருஷம் கழிந்த பிறகும் வரலாம்.

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒன்று, புதிதாக வந்த கறுப்புப் புள்ளி, அல்லது பழைய மச்சம் பெரிதாவது, நிறம் மாறுவது, ஓரம் கோணலாவது, இரத்தம் கசிவது.

இரண்டு, நகத்தில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போவது, அல்லது அந்தக் கறுப்பு நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுவது.

மூன்று, ஒரு மாதமாகியும் ஆறாத புண். அட்டை கடித்ததோ, கவ்வாத்துக் கத்தி பட்டதோ, எதுவானாலும் சரி.

நான்கு, பழைய தழும்பு வெடித்துப் புண்ணாவது, சதை வளர்வது.

இவற்றில் பெரும்பாலானவை புற்றாக இருக்காது. ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் இது வலிக்காமலும் இருக்கும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா, குதிக்காலில் இருந்த கறுப்பைக் காலாணி என்று நினைத்து பிளேட்டால் சீவிக்கொண்டே இருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் பேர் போயிடுமே" என்பதுதான் அவருடைய கவலை. கடைசியில் போனபோது தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. ஒரு பேரைக் காப்பாற்றப் போய் வேலையையே விட வேண்டி வந்தது. அவரைக் குறை சொல்லி இதைச் சொல்லவில்லை. மாதக் கணக்குப் பார்க்கிற யாருக்கும் அந்தக் கவலை வரும். ஆனாலும் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும் அல்லவா?

ஆகவே பிளேட்டால் சீவாதீர்கள். சுண்ணாம்போ அசிட்டோ வைக்காதீர்கள். முதலில் தோட்டத்து மருந்துச்சாலையில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி பட்டால் நோய் பரவும் என்பது வீண் பயம். கண்டி, பதுளை ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மகரகமவில் அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆரம்பத்திலேயே கண்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சுகப்படுத்த முடியும். பிந்தினால் விரலோ, காலோ, உயிரோ போகலாம்.

மாதத்தில் ஒரு நாள், சம்பள நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால் கழுவியதும் வெளிச்சத்தில் உட்கார்ந்து உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் எல்லாவற்றையும் பாருங்கள். கண் மங்கிய பாட்டி தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

மலையேறி இறங்கி நம்மைக் காப்பாற்றுகிற கால்கள் இவை. மாதத்தில் ஐந்து நிமிஷம் நாம் அவற்றைப் பார்ப்போம்.